கணிப்பொறிக்குள் ஒரு நெடுஞ்சாலை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்துவோர் ஒருபுறம். பொங்கலிடும் குடும்பங்கள் மறுபுறம். வேன்களும் பஸ்களும் சாலையில் நகர இடமின்றி நிற்கும். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை இந்த ஊரின் ஊடாகத்தான் போகிறது. திருப்பதி பஸ்ஸும், தொழிற்சாலைச் சரக்கு ஏற்றிய லாரியும், கரும்பு ஏற்றிய டிராக்டரும் ஒரே சாலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தகைய நெரிசலைக் குறைக்க, திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு பெரிய புதிய சாலைகள் திட்டமிடப்பட்டன. ஒன்று, சென்னை எல்லைச் சாலை. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோயில் வழியாக மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை செல்லும் இதன் நீளம் ஏறத்தாழ 133 கிலோமீட்டர். மற்றொன்று, ஆந்திரத்தின் சித்தூரிலிருந்து தச்சூர் வரை வரும் ஆறுவழிச் சாலை. இவை பழைய சாலையை மட்டும் அகலப்படுத்தி அமைப்பவை அல்ல. பெரும்பாலும் இதுவரை சாலையே இல்லாத நிலத்தின் வழியாகப் புதிதாகப் போடப்படுபவை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சாலையே இல்லாத இடத்தில் சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? வயல், ஏரி, ஆறு, கால்வாய், ரயில் பாதை, ஊர், கோயில், தோப்பு எனப் பலவும் குறுக்கே இருக்கும் நாடு இது. வடக்கே ஆரணி ஆறு பிச்சாட்டூர் அணையிலிருந்து வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தெற்கே கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்திற்குப் போகிறது. ஊத்துக்கோட்டைப் பக்கமாகக் கிருஷ்ணா நீர்க் கால்வாய் பூண்டிக்கு வருகிறது. கோட்டை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி வரைந்தால் ஓர் ஏரி போகும். அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு தெரு போகும்.

இதற்குப் பொறியாளர்கள் இன்று கையாளும் வழி வியப்பானது. சாலையை மண்ணில் போடுவதற்கு முன்பே அதைக் கணிப்பொறிக்குள் முழுதாகக் கட்டிவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகளும் கொண்ட முப்பரிமாண மாதிரி அது.

இரண்டு தாள்களின் சிக்கல்

முன்பு என்ன செய்தார்கள்? சங்கிலி, மட்டம் பார்க்கும் கருவி, தியோடலைட் ஆகியவற்றோடு வயல் வயலாக நடந்தார்கள். நிலத்தை இவ்வாறு அளப்பதில் நம் பகுதிக்குப் பழம்பெருமை உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவையை வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு தொடங்கியது சென்னை பரங்கிமலைக்கு அருகேதான்.

அளந்து வந்ததை இரு தாள்களில் வரைந்தார்கள். ஒன்று, மேலிருந்து பார்த்தால் சாலை எப்படி வளைகிறது என்று காட்டும் கிடைப்படம். மற்றொன்று, பக்கவாட்டில் பார்த்தால் சாலை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று காட்டும் நெடுக்குவெட்டுப் படம். இரண்டுமே சரியான படங்கள்தாம். ஆனால் சாலையில் போகிறவர் இரண்டு தாள்களில் போவதில்லை. ஒரே நேரத்தில் வளைந்தும் ஏறியும் போகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். எண்ணூரிலிருந்து மேற்கே வரும் ஒரு சாலை, சென்னை–கும்மிடிப்பூண்டி ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். அதற்கு ஒரு மேம்பாலம் ஏறி இறங்குகிறது. இறங்கியதும் ஓர் ஊரைத் தவிர்ப்பதற்காக இடப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்படத்தில் வளைவு விதிப்படி இருக்கிறது. நெடுக்குவெட்டுப் படத்தில் ஏற்றமும் விதிப்படி இருக்கிறது. ஆனால் பாலத்தின் உச்சிக்கு ஏறும் டிரைவருக்கு முன்னால் வானம் மட்டுமே தெரியும்! அதன் பின்னே வளைவு ஒளிந்திருப்பது உச்சிக்கு வந்த பிறகே அவருக்குத் தெரியவரும்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். தடையைக் கண்டு, என்னவென்று உணர்ந்து, பிரேக்கை மிதிக்க 2.5 வினாடி ஆகும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி. அதற்குள் வண்டி ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு மேலும் 110 மீட்டர் அளவில் வேண்டும். ஆக, டிரைவருக்கு எப்போதும் குறைந்தது 180 மீட்டர் தூரமாவது முன்னால் தெரிய வேண்டும். இதற்கு ‘நிறுத்தப் பார்வைத் தூரம்’ என்று பெயர்.

கணிப்பொறியின் மாதிரியில், சாலையின் பரப்பிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், அதாவது காரில் அமர்ந்தவரின் கண் உயரத்தில், ஒரு புள்ளியை வைத்துச் சாலை நெடுக ஓட்டிப் பார்க்கிறார்கள். 180 மீட்டர் தெரியாத இடங்கள் எல்லாம் பிடிபட்டுவிடும். இன்னும் ஒரு கூடை மண்கூடக் கொட்டாத நிலையிலேயே அங்கு நடக்கக்கூடிய விபத்தைக் கண்டுபிடித்துத் தவிர்த்துவிடலாம். திருத்துவதற்கு ஆகும் செலவு சில மணி நேரக் கணக்கு மட்டுமே.

நிலத்தை எண்களாக்கியவர்

சாலையின் மாதிரிக்கு முன்பு நிலத்தின் மாதிரி வேண்டும். நிலத்தைக் கணிப்பொறிக்குப் புரிய வைப்பது எப்படி?

1950-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் மில்லர் இதற்கு வழி கண்டார். விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தின் பல புள்ளிகளுக்குக் கிழக்கு–மேற்கு நிலை, வடக்கு–தெற்கு நிலை, உயரம் என மூன்று எண்கள் குறிக்கப்பட்டன. அவை கணிப்பொறிக்கு ஊட்டப்பட்டன. பல பாதைகளைக் கணிப்பொறியே ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு மண் வேலை என்று சொல்லியது. இந்த எண் தொகுதிக்கு ‘எண்வழி நிலமாதிரி’ என்று பெயர். இன்று எத்தனையோ துறைகளில் பயன்படும் இந்த மாதிரி பிறந்தது நெடுஞ்சாலைக்காகத்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

புள்ளிகள் கிடைத்துவிட்டன. அவற்றுக்கு இடையிலுள்ள நிலத்தை எப்படி அறிவது? அருகருகே உள்ள மூன்று மூன்று புள்ளிகளை இணைத்து முக்கோணங்கள் ஆக்குகிறார்கள். நான்கு ஏன் இல்லை? வீட்டில் உள்ள முக்காலியை எந்த மேடுபள்ளத் தரையிலும் வைத்துப் பாருங்கள், அது ஆடாது. நாற்காலியோ ஆடும். மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்ல முடியும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, இலட்சக்கணக்கான முக்காலிகளை நெருக்கி அடுக்கியது போல் நிலம் கணிப்பொறிக்குள் உருவாகிறது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. 25 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளந்தால், இரு புள்ளிகளுக்கு நடுவே கிடக்கும் ஏரிக்கரை மாதிரியில் காணாமலேயே போய்விடும்! கரை இல்லாத ஏரியை நம்பித் திட்டமிட்டால் என்ன ஆகும்? இதற்காகக் கரையின் உச்சி, கரையின் அடி, ஆற்றங்கரை, வாய்க்கால் விளிம்பு ஆகியவற்றைத் தொடர் கோடுகளாக அளக்கிறார்கள். பூக்களை நாரில் தொடுப்பதுபோல் புள்ளிகளைத் தொடுத்த இக்கோடுகளுக்குச் ‘சரங்கள்’ என்று பெயர். 1970-களில் பிரிட்டனின் சில மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘மாஸ்’ என்னும் செயல்முறை, சரங்களைக் கொண்டே நிலத்தையும் சாலையையும் வரைந்தது. பின்னாளில் இந்தியப் பொறியாளர்களும் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள்.

இரண்டு கண்களின் வித்தை

மேலிருந்து எடுத்த படத்திலிருந்து உயரத்தை எப்படி அறிகிறார்கள்? ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணை மட்டும் மூடிப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மட்டும் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அருகிலிருக்கும் பொருள் அதிகமாகவும், தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம் மாறும். ஒரே நிலத்தை இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்தால், உயரமான பகுதி அதிகம் இடம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை அளந்தால் உயரம் கிடைத்துவிடும்.

இதே வித்தையை விண்ணிலிருந்து செய்தது நமது கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள். 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அது ஏவப்பட்டது. எங்கிருந்து தெரியுமா? பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பெரியபாளையத்தைக் கடந்து ஓடும் ஆரணி ஆற்று நீர் சேரும் அதே ஏரிதான்! அதன் இரு காமிராக்களில் ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. பறந்து செல்லும்போதே இரண்டும் ஒரே நிலத்தை இரு கோணங்களில் படம் பிடித்தன. இந்தியா முழுவதற்குமான நிலவுயர மாதிரி இவ்வாறு கிடைத்தது.

இது பாதைகளைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத்திற்கு ஏற்றது. முடிவான வடிவமைப்புக்குப் போதாது. காரணம் இதுதான். திருவள்ளூர்ச் சமவெளி கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர அளவில் நான்கு மீட்டர் பிழை இருந்தால், நான்கு கிலோமீட்டர் தூரத்திற்குத் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகக்கூட மாதிரி காட்டிவிடும். மலைநாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை, சமவெளியில் பெரும் பிழையாகிவிடுகிறது. மேலும், மாந்தோப்பின் மேல் பறந்தால் காமிராவுக்குத் தெரிவது இலைகளே, தரை அன்று.

இங்கே உதவிக்கு வருவது லைடார். ஆளில்லாச் சிறு விமானத்திலிருந்தோ பெரிய விமானத்திலிருந்தோ லேசர் ஒளித் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறார்கள். சில இலையில் பட்டுத் திரும்பும். சில இலைகளின் இடுக்கில் புகுந்து தரையில் பட்டுத் திரும்பும். கடைசியாக வருவதைத் தரை என்று கொள்ளலாம். 120 மீட்டர் உயரத்திலிருந்து சென்று திரும்ப ஒளிக்கு ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. உயரத்தை 3 செ.மீ. வரை துல்லியமாக அறிய வேண்டுமானால், நேரத்தை நூறு கோடியில் ஒரு பங்கு வினாடிக்கும் நுட்பமாக அளக்க வேண்டும். ஒளியின் வேகத்தைக் கொண்டு இதை நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

அரை மீட்டரின் விலை

நிலம் தயாராகிவிட்டது. இனி அதன்மேல் சாலையைப் படுக்க வைக்க வேண்டும். நிலத்தைவிடச் சாலை உயர்ந்த இடங்களில் நிரப்பு. தாழ்ந்த இடங்களில் வெட்டு. சமவெளியில் பெரும்பாலும் நிரப்புதான். எவ்வளவு மண் வேண்டும்?

மேற்புற அகலம் 30 மீட்டர், உயரம் 3 மீட்டர், இருபுறச் சரிவு ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் 2 மீட்டர் என்று கொள்வோம். அடி அகலம் 42 மீட்டர் ஆகும். குறுக்குவெட்டு ஒரு சரிவகம். அதன் பரப்பு 108 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1,08,000 கன மீட்டர் மண். ஒரு டிப்பர் லாரி 12 கன மீட்டர் ஏற்றும் என்றால் 9,000 நடை!

உயரத்தை அரை மீட்டர் மட்டும் குறைத்துப் பார்ப்போம். அடி அகலம் 40 மீட்டர், பரப்பு 87.5 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 87,500 கன மீட்டர் போதும். அரை மீட்டரில் ஏறத்தாழ 1,700 லாரி மண் மிச்சம். இந்தச் சவுடு மண் வானத்திலிருந்து வருவதில்லை. எங்கோ ஒரு ஏரியையோ நிலத்தையோ தோண்டித்தான் வர வேண்டும். ஆகவே, இதில் மிச்சமாவது பணம் மட்டுமன்று.

அப்படியானால் இன்னும் தாழ்த்திவிடலாமே என்று தோன்றுகிறதல்லவா? முடியாது. வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணையின் உபரி நீர் திறக்கப்பட்டால் ஆரணி ஆற்றின் தரைப்பாலங்கள் முழுகிப்போவதை இப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். சாலை வெள்ள மட்டத்திற்கு மேலேயே இருக்க வேண்டும். ஆனால் உயர்ந்த சாலையே ஓர் அணையாகிவிடக்கூடும்! மேற்கிலிருந்து கிழக்கே வரும் நீருக்குக் குறுக்கே பல கிலோமீட்டர் நீளக் கரை எழுந்தால், ஒரு பக்கத்து வயல் முழுகும். மறு பக்கத்து ஏரி வறளும். கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் ஒன்றைத் தவறவிட்டாலும் கீழேயுள்ள ஏரிகளுக்கு நீர் வராது.

எனவே பொறியாளர்கள் மாதிரியின் மேல் மழையைப் ‘பெய்வித்து’ப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் நீர் எந்தப் பக்கம் சரியும் என்று கணிப்பொறி கணக்கிடும். நீர் சேரும் இடங்களில் எத்தனை சிறுபாலங்கள், எவ்வளவு அகலக் கண்கள் வேண்டும் என்பது தெரியவரும். முன்பு சொன்ன சரங்கள் எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

கணிப்பொறிக்குத் தெரியாதது

பல பாதைகளை வரைந்து, எது மலிவு என்று கணிப்பொறியிடம் கேட்கலாம். நொடியில் விடை சொல்லும். ஆனால் எதற்கு என்ன விலை என்று நாம் சொல்லிக் கொடுத்தபடிதான் அது கூட்டிப் பார்க்கும். நீளத்திற்கும் மண்ணுக்கும் மட்டும் விலை வைத்தால், அது கோட்டை நேராக ஏரியின் நடுவே போட்டுவிடும். காலியான ஏரி கணிப்பொறிக்கு வெறும் பள்ளமே. மூன்று போகம் விளையும் நஞ்சையும் அதற்கு ஒரு தட்டையான முக்கோணம்தான். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் ஆயிரக்கணக்கானோர் நடந்து வரும் கோயில் பாதையை யாரேனும் சொன்னால்தான் அது அறியும்.

இதனால்தான் சித்தூர்–தச்சூர் சாலைக்கு நிலம் எடுக்க முற்பட்டபோது ஊத்துக்கோட்டை வட்டத்து விவசாயிகள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விளைநிலம் போகிறதே என்பது அவர்கள் கவலை. துறைமுகத்திற்கும் தொழிற்பேட்டைக்கும் சாலை வேண்டும் என்பது மறுபக்கத்து நியாயம். இதில் எது பெரிது என்று எந்த மாதிரியும் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் பேசுவதற்கு ஒரு பொதுவான களத்தை அது தர முடியும். ‘கோட்டை 300 மீட்டர் வடக்கே தள்ளினால் எத்தனை ஏக்கர் நஞ்சை தப்பும்? எத்தனை வீடு போகும்? எத்தனை லாரி மண் கூடும்?’ என்ற கேள்விகளுக்கு அன்றைக்கே விடை காணலாம்.

கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளிவந்த 21 நாட்களுக்குள் நில உரிமையாளர் தம் ஆட்சேபத்தை எழுதித் தரலாம். பெரிய புதிய நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி பெறுமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தப்படுகிறது. ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரால்தான் ‘இங்கே ஒரு வரத்துக் கால்வாய் இருக்கிறது; உங்கள் படத்தில் அது இல்லை’ என்று சுட்டிக்காட்ட முடியும்.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு மாதிரி செய்யுங்கள். உங்கள் ஊர் ஏரியையும் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்த்து, மேடு பள்ளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் சமவுயரக் கோடுகள் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டின் வடிவத்திலும் ஓர் அட்டையை வெட்டி, பெரியதை அடியிலும் சிறியதை மேலுமாக ஒட்டுங்கள். படிகளைக் களிமண்ணால் மெழுகிச் சரிவாக்குங்கள். ஏரிக்கரை, கலங்கல், வாய்க்கால் எதையும் விட்டுவிடாதீர்கள். காய்ந்தபின் மெழுகு உருக்கித் தடவினால் நீர் ஊறாது.

இப்போது ஒரு கனத்த கயிற்றைச் சாலையாகக் கொண்டு, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வளைத்துக் களிமண்ணால் ஒட்டுங்கள். பூவாளியால் மேட்டுப் பக்கத்தில் நீர் தெளியுங்கள். நீர் எங்கே தேங்குகிறது? கயிற்றை எங்கே உயர்த்தி வழிவிட வேண்டும்? கயிற்றையே வேறு வழியில் போட்டால் என்ன?

முடித்ததும் ஊரிலுள்ள பெரியவர் ஒருவரை அழைத்து வந்து அதைக் காட்டுங்கள். பெருமழை பெய்த ஆண்டில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். உங்கள் மாதிரியில் இல்லாத ஒரு வாய்க்காலை அவர் விரலால் தொட்டுக் காட்டக்கூடும். அந்த இடத்தைத் திருத்துங்கள். நல்ல பொறியாளர்கள் செய்வதும் அதைத்தான்.